இரவில் சைட் மிரர் கண்ணைக் கூசுகிறதா? முதலில் கண்ணாடியை வெளியே திருப்புங்கள்

மலேசியாவின் பேராக்கில், சுங்கை சிப்புட்டிலிருந்து லிந்தாங் பக்கம் இரவில் கார் ஓட்டுகிறவர்களுக்கு இந்தத் தொல்லையை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. இரண்டு பக்கமும் செம்பனை, பல இடங்களில் தெருவிளக்கே கிடையாது. பின்னால் ஒரு ஹைலக்ஸோ, பழக்குலை ஏற்றிய லோரியோ ஒட்டிக்கொண்டே வரும். இரட்டைக் கோடு போட்ட இடத்தில் அதனால் முந்தவும் முடியாது, நமக்கு ஒதுங்கவும் இடமிருக்காது. அதன் ஹெட்லைட் நம் வலது சைட் மிரரில் பட்டு நேராகக் கண்ணில் அடிக்கும். அந்த நேரம் பார்த்து ரோட்டோரத்தில் விளக்கில்லாத சைக்கிளில் ஒரு பெரியவர் போனால் நமக்குத் தெரியாமல் போகலாம். எனக்கு அதுதான் பெரிய பயம்.

இதற்கு என்ன வாங்கலாம் என்றுதான் பலரும் கேட்கிறார்கள். வாங்குகிற கதையைப் பிறகு பார்ப்போம். காரில் ஏற்கனவே இருக்கிற பட்டனை வைத்தே, ஒரு காசு செலவில்லாமல், இந்தக் கூச்சத்தில் பெரும்பகுதியைக் குறைத்துவிடலாம். புதிதாக லைசன்ஸ் எடுத்ததற்கான பி ஸ்டிக்கரைக் காரில் ஒட்டி, இப்போதுதான் இரவில் தனியாக ஓட்டத் தொடங்கியிருக்கும் தம்பி தங்கைகளை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

ஏன் கூசுகிறது?

உள்ளே நடுவில் இருக்கும் கண்ணாடியின் அடியில் ஒரு சின்ன நெம்பி இருக்கும். இரவில் அதைத் தட்டிவிட்டால் பின்னால் வரும் விளக்கு மங்கிவிடும். அந்தக் கண்ணாடி ஒரு பக்கம் தடிப்பாகவும் மறுபக்கம் மெல்லியதாகவும், ஆப்பு வடிவில் செய்யப்பட்டது. நெம்பியைத் தட்டியதும், பின்புறப் பூச்சில் பட்டுத் திரும்பும் வலுவான ஒளி காரின் கூரைப் பக்கம் போய்விடும். கண்ணாடியின் முன்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளி மட்டும் கண்ணுக்கு வரும். அது வந்த ஒளியில் ஏறத்தாழ 4 விழுக்காடுதான்.

சைட் மிரருக்கு அந்த வசதி இல்லை. விலை உயர்ந்த சில கார்களில் தானாக மங்கும் கண்ணாடி உண்டு, நம்மில் பெரும்பாலோர் ஓட்டும் மைவி, சாகா, ஆக்சியாவில் அதை எதிர்பார்க்க முடியாது. ஆகவே நம் கையில் இருப்பது கண்ணாடியின் கோணம் மட்டுமே.

பெரும்பாலோர் சைட் மிரரை எப்படி வைத்திருக்கிறோம்? நம் காரின் பின்கதவு, கைப்பிடி எல்லாம் தெரியும்படி. அப்படி வைத்தால் அந்தக் கண்ணாடி நேர் பின்னால் பார்க்கிறது. உள் கண்ணாடி காட்டும் அதே லோரியை அதுவும் காட்டுகிறது. ஒரே லோரியின் விளக்கு மூன்று கண்ணாடி வழியாக நம் கண்ணுக்கு வருகிறது, அதில் இரண்டை மங்க வைக்க வழியே இல்லை.

கண்ணாடியை வெளிப்பக்கம் திருப்பினால் அந்த ஒளி கண்ணைத் தவறவிட்டு, தோளுக்குப் பின்னால் கதவுப் பக்கம் போய் விழும். நிறையத் திருப்ப வேண்டியதில்லை. கண்ணாடியை எவ்வளவு திருப்பினாலும், திரும்பி வரும் ஒளி அதைப்போல் இரண்டு மடங்கு நகரும். 5 பாகை திருப்பினால் ஒளி 10 பாகை நகரும். கண்ணுக்கும் வலது கண்ணாடிக்கும் 70 சென்டிமீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொண்டால், வெளிச்சம் கண்ணைவிட்டு ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் தள்ளிப் போய்விடும்.

இந்த முறை புதிதில்லை. ஜார்ஜ் பிளாட்சர் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1995-இல் அங்குள்ள வாகனப் பொறியாளர் சங்கத்துக்கு அளித்த கட்டுரையில் இதன் கணக்கை விளக்கியிருக்கிறார். அங்கே ஓட்டுநர் இடப்பக்கம், நமக்கு வலப்பக்கம். வெளிநாட்டு வீடியோ பார்த்துச் செய்கிறவர்கள் இடம் வலம் மாற்றிக்கொள்ள வேண்டும்.

படி 1: இருக்கையும் உள் கண்ணாடியும்

பகலில், காரைச் சமதளத்தில் நிறுத்திச் செய்யுங்கள். தோட்டத்துக் கோயில் திடல் போன்ற இடம் நல்லது. இருக்கையை நீங்கள் வழக்கமாக ஓட்டும் நிலையில் வையுங்கள். இருக்கை மாறினால் கண்ணின் இடம் மாறும், கண்ணாடிக் கணக்கும் மாறும்.

உள் கண்ணாடியில் பின்கண்ணாடி முழுவதும் தெரிய வேண்டும். இனி நேர் பின்னால் பார்க்கும் வேலை முழுக்க அதனுடையது. அதனால் பின்னால் குவித்து வைத்த பொம்மை, டிஷூ பெட்டி, தலையணை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். உள் கண்ணாடியில் தொங்கும் மாலையையும் வீட்டுச் சாமி படத்துக்கு மாற்றிவிடலாம், சாமி கோபித்துக்கொள்ளாது. வேன் ஓட்டுகிறவர்கள், பின்னால் சாமான் அடைத்து ஓட்டுகிறவர்கள் இந்த முறையைப் பயன்படுத்த வேண்டாம். பின்கண்ணாடியில் மிகக் கறுப்பான டின்டட் ஒட்டியவர்களும் கவனமாக இருங்கள். 2019-லிருந்து ஜே.பி.ஜே. எனும் சாலைப் போக்குவரத்து இலாகா பின்பக்கத்துக்கு வரம்பு வைக்கவில்லை என்றாலும், விளக்கு மங்கிய ஒரு மோட்டார் சைக்கிள் அந்தக் கறுப்பில் தெரியாமல் போய்விடும்.

படி 2: வலது கண்ணாடி

தலையை வலப்பக்கம் சாய்த்து, ஏறக்குறைய சன்னலைத் தொடுமளவு கொண்டுபோங்கள். அந்த நிலையில் இருந்தபடியே கண்ணாடியை வெளியே திருப்புங்கள். உங்கள் காரின் பக்கவாட்டு ஓரம் மெல்லிய கோடாக மட்டும் தெரியும்போது நிறுத்துங்கள். மேல்கீழ் அளவுக்கு, அடிவானம் கண்ணாடியின் நடுவில் வர வேண்டும்.

இப்போது தலையை நேராக்கினால் உங்கள் கார் கண்ணாடியில் தெரியவே கூடாது. தெரியாமல் போனதும் பதற்றமாக இருக்கும், உடனே பழையபடி உள்ளே திருப்பத் தோன்றும். திருப்பாதீர்கள்.

பழைய கார்களில் பட்டனுக்குப் பதில் உள்ளே ஒரு சிறு குமிழ் இருக்கும், அல்லது கண்ணாடியையே விரலால் அழுத்தித் திருப்ப வேண்டும். வெளியே யாரையாவது நிற்க வைத்துக்கொண்டால் வேலை சுலபம்.

படி 3: இடது கண்ணாடி

தலையை இடப்பக்கம் சாய்த்து, முன் இருக்கைகள் இரண்டுக்கும் நடுவே, கியருக்கு நேர் மேலே கொண்டுவாருங்கள். அங்கிருந்து பார்க்கையில் காரின் இடப்பக்க ஓரம் கோடாகத் தெரியும்படி திருப்புங்கள்.

படி 4: ஆளை நடக்கவிட்டுச் சோதியுங்கள்

இந்தப் படியை யாரும் தவிர்க்கக் கூடாது. தங்கையையோ அண்ணனையோ கைப்பேசி விளக்கை எரியவிட்டு, காருக்குப் பின்னால் பத்து எட்டுத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். அங்கிருந்து காரின் வலப்பக்கமாக, ஒரு மோட்டார் முந்துகிற இடைவெளியில், மெதுவாக முன்னால் நடந்து வரட்டும். நீங்கள் நேராக உட்கார்ந்து பாருங்கள். முதலில் உள் கண்ணாடியில் தெரிவார். அதிலிருந்து மறையும் முன்பே சைட் மிரரில் வர வேண்டும். சைட் மிரரிலிருந்து மறையும் முன்பே உங்கள் கடைக்கண்ணில் பட வேண்டும். நடுவில் எங்காவது காணாமல் போனால் கண்ணாடியைத் துளி உள்ளேயோ வெளியேயோ நகர்த்தி மறுபடியும் நடக்கச் சொல்லுங்கள். இடப்பக்கமும் அப்படியே.

கண்கூச்சத்துக்காகச் செய்தாலும், இந்தச் சோதனையில் கிடைக்கும் பலன் அதைவிடப் பெரியது என்பேன். மலேசியாவில் சாலை விபத்தில் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். ஷிப்டு முடிந்து மோட்டாரில் வீடு திரும்பும் நம் வீட்டுப் பிள்ளை எந்த இடத்தில் கார்க்காரரின் கண்ணுக்கு மறைகிறானோ, அந்த இடத்தைத்தான் வெளியே திருப்பிய கண்ணாடி காட்டுகிறது. அப்படியிருந்தும், ஒதுங்கும் முன் தலையைத் திருப்பித் தோளுக்கு மேல் ஒரு பார்வை பார்ப்பதை விட்டுவிடாதீர்கள்.

பழகும் வரை

முதல் சில நாள் பகலில், தெரிந்த சாலையில் ஓட்டுங்கள். பின்னால் வருவது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை உள் கண்ணாடியில் மட்டும் கணியுங்கள். சைட் மிரர் பெரும்பாலும் சற்றுப் புடைத்த கண்ணாடி, அதில் எல்லாம் தள்ளித் தெரியும். வளைவுகளில் பின்வண்டியின் விளக்கு கணநேரம் கண்ணாடியில் பளிச்சிட்டுப் போகும், அதைத் தவிர்க்க முடியாது. ரிவர்ஸ் பார்க்கிங் செய்யும்போது கோடு தெரியவில்லை என்றால், படி 2-இல் செய்ததுபோல் தலையைச் சாய்த்தால் போதும்.

லைசன்ஸ் டெஸ்டுக்குப் போகிறவர்கள் மட்டும் பயிற்றுநர் சொல்லிக் கொடுத்தபடியே கண்ணாடியை வையுங்கள்.

இன்னும் கூசினால்

கண்ணாடியைத் துடையுங்கள். தோட்டத்துச் செம்மண் தூசியும் மழைக்கறையும் ஒளியைச் சிதறடித்து, ஒரு விளக்கை ஒரு வெள்ளைப் படலமாக்கிவிடும். சைட் மிரரைவிட முக்கியமானது, அதைப் பார்க்க நாம் பயன்படுத்தும் கதவுக் கண்ணாடி. அதன் உள்பக்கத்தில் பிசுக்கு மெல்லப் படியும், பகலில் அது தெரியாது. மைக்ரோஃபைபர் துணியை ஈரமாக்கி ஒருமுறை, காய்ந்த துணியால் ஒருமுறை துடைத்தால் போதும். கீறல் விழுந்த, குமிழ் எழும்பிய பழைய டின்டட் இருந்தால் உரித்துவிடுங்கள். புதிதாக ஒட்டினால் முன்கதவுக் கண்ணாடி குறைந்தது 50 விழுக்காடு, முன்கண்ணாடி 70 விழுக்காடு வெளிச்சத்தை உள்ளே விட வேண்டும் என்பது விதி.

சைட் மிரருக்கென்று ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் விற்கும் நீலக் கண்ணாடி கூச்சத்தைக் குறைக்கும், ஆனால் இருட்டில் வரும் மங்கலான விளக்கையும் சேர்த்தே குறைக்கும். விளக்குக் கம்பமில்லாத சாலையில் அந்த மங்கலான விளக்குதான் நமக்கு வேண்டும். மேலே ஒட்டும் மலிவான படலம் வெயிலில் ஓரம் சுருண்டு உருவத்தைக் கலைத்துவிடும். நான் இரண்டையும் பரிந்துரைக்க மாட்டேன்.

அப்பா, அம்மா ஓட்டுகிற வீடாக இருந்தால் இன்னொன்று. முன்பு கூசாத விளக்கு இப்போது கூசுகிறது, விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறது என்று சொன்னால், கண்புரை தொடங்கியிருக்கலாம். இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ளவர்களுக்கு அது சீக்கிரமே வரக்கூடும். கண் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள், அதுவரை இரவில் நீங்களே ஓட்டுங்கள். அவர்கள் ஓட்டிய காரை நீங்கள் எடுக்கும்போது, படி 1-லிருந்து மறுபடியும் சரிசெய்த பிறகே கிளம்புங்கள்.