அப்டேட் பண்ணினால் தேடல் போச்சா? நான் செய்து பட்ட தவறுகள்

போன கிழமை எங்கள் ஒபிசில் புதிதாகச் சேர்ந்த தங்கச்சி ஒருத்தி லெப்டொப்பைத் திறந்தபடியே தூக்கிக்கொண்டு வந்தாள். "அண்ணா, நோட்ஸ் எழுதுற செயலியை அப்டேட் பண்ணினன், நோட்ஸ் எல்லாம் போயிட்டு." முகம் செத்துப்போயிருந்தது. நான் கேட்டது ஒன்றுதான்: "அழிச்சுப்போட்டுத் திரும்ப இன்ஸ்டோல் பண்ணினியா?" இல்லை என்றாள். அப்பாடா என்றிருந்தது. இடது பக்கப் பட்டியலை இறக்கிப் பார்த்தோம். எல்லாக் குறிப்பும் இருந்த இடத்திலேயே இருந்தன, தேடல் மட்டும்தான் குருடாகியிருந்தது.

மூன்று மாதத்தில் இது நாலாவது ஆள். நாலு பேருமே நான் முன்பு பதறியது போலவே பதறுகிறார்கள். பக்கப் எடுங்கள், பாஸ்வேர்டை எழுதி வையுங்கள் என்பதையெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை, அது உங்களுக்கே தெரியும்.

என் வேலை மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைக் கிராமங்களில் வயல், குளம், மீன்பிடி பற்றி மூத்தவர்களிடம் கேட்டு எழுதுவது. பன்னிரண்டு வருசக் குறிப்பு. தேடல் இல்லையென்றால் அது வெறும் காகிதக் குவியல்தான். அதனால் "தேடல் சரியில்லையாம், அப்டேட் பண்ணவா விடவா" என்று யாராவது கேட்டால் ஒரு சொல்லில் பதில் சொல்ல வராது.

ஊரெல்லாம் நல்லது என்பதை நம்புவது

புதிய பதிப்பைப் புகழ்கிறவர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் குறிப்பு எழுதுகிறவர்கள். அவர்களுக்குத் தேடல் பறக்கும். தமிழுக்குப் பறக்குமா என்பது வேறு கேள்வி.

இன்டெக்ஸ் என்பது புத்தகத்தின் கடைசியில் இருக்கிற சொல்லடைவு மாதிரி. மென்பொருள் உங்கள் குறிப்புகளைச் சொல் சொல்லாக வெட்டி, எந்தச் சொல் எந்தக் குறிப்பில் என்று தனியாக எழுதி வைத்துக்கொள்ளும். எங்கே வெட்டுகிறது என்பதில்தான் தமிழுக்குச் சனி. நிறையச் செயலிகளுக்கு உள்ளே இருப்பது எஸ்கியூலைட் என்ற தரவுத்தளம். அதன் எஃப்டிஎஸ்5 என்ற தேடல் பகுதி, வழக்கமான அமைப்பில், யூனிகோடில் (எல்லா மொழி எழுத்துக்கும் ஒரு குறியீடு கொடுக்கிற பொது முறை) எழுத்து அல்லது எண் என்று குறித்தவற்றை மட்டுமே சொல்லின் உறுப்பாக எடுக்கும். நமது புள்ளி, கால், கொம்பு, விசிறி எல்லாம் யூனிகோடில் 'குறி' என்ற வகைக்குள் வருவதால், செயலியை எழுதியவர் அந்த வகையையும் சேர்க்கச் சொல்லாவிட்டால், அந்த இடத்தில் சொல்லை அறுத்துவிடும். அப்போது வலை, வலி, வலு மூன்றும் உள்ளே ஒரே 'வல' ஆகிவிடும். வாவி மீனவர்களைப் பற்றி எழுதிய எனக்கு, வலை என்று தட்டினால் முழங்கால் வலிக்கு மருந்து எழுதி வைத்த குறிப்பு வருகிறது. பழைய பதிப்பில் ஒழுங்காக வந்தது புதியதில் குழம்புவதற்கு இதுவும் ஒரு காரணம், உள்ளே வெட்டுகிற கத்தியை மாற்றியிருப்பார்கள்.

ஆகவே மற்றவர் சொல்வதை விட்டுவிட்டு உங்கள் சொற்களை வைத்துச் சோதியுங்கள். என் பட்டியலில் முதலில் இருப்பது கொக்கட்டிச்சோலை. 'கொ'வும் 'சோ'வும் உள்ள பெயர். அந்த ஒகர ஓகாரக் குறிகளை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்தும் சேமிக்கலாம். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. போனில் தட்டியது ஒரு விதம், பழைய பிடிஎஃப்பிலிருந்து வெட்டி ஒட்டியது இன்னொரு விதம் என்றால், இரண்டையும் ஒன்றாக்கத் தெரியாத செயலி பாதியைத்தான் காட்டும். அடுத்தது குளம். 'உன்னிச்சைக் குளம்' என்று எழுதிய குறிப்பும் 'குளத்தில் தண்ணி இல்லை' என்று எழுதிய குறிப்பும் ஒரே தேடலில் வராது, வேற்றுமை ஏறினால் சொல்லே மாறிப்போகிறது. 'குள' என்று தட்டி நட்சத்திரக் குறி போட்டால் இரண்டும் வரும், கூடவே குளவியும் குளிரும் வரும், பரவாயில்லை.

அப்புறம் பாமினி, ஆங்கில எழுத்துக்கு மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டுகிற பழைய எழுத்துரு. 2010க்கு முன் தட்டிய எங்கள் அறிக்கை எல்லாம் பாமினிதான். திரையில் அம்மா என்று தெரியும், உள்ளே இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். எந்தப் பதிப்புக்கு மாறினாலும் யூனிகோடில் தேடினால் அது வராது. அதை மாற்றாமல் புதிய பதிப்பைத் திட்டி வேலையில்லை.

தேடலைத் திருத்த மென்பொருளையே அழிப்பது

இதை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். இன்றைக்கும் நினைத்தால் என்மேலேயே எரிச்சல் வரும்.

மகிழடித்தீவுப் பக்கம் ஒரு ஐயா, நெடுங்காலம் வட்டவிதானையாக, அதாவது வயலுக்குத் தண்ணி பங்கிடும் பொறுப்பாளராக, இருந்தவர். மூன்று பின்னேரங்கள் அவர் வீட்டு விறாந்தையில் இருந்து எழுதினேன். எந்த வயற்கண்டத்துக்கு முதல் தண்ணி, எதற்குக் கடைசி, யார் மடையை யார் இரவில் உடைத்தார், மண்முனையில் பாலம் வருவதற்கு முன் நெல் மூட்டையோடு பாதையில் எப்படி ஆறு கடந்தார்கள் என்று விரல் மடித்து மடித்துச் சொன்னார். (எங்களுக்குப் பாதை என்றால் ரோட்டு இல்லை, ஆளையும் வண்டியையும் ஏற்றிக் கரை கடத்துகிற மிதவை. மண்முனைப் பாலம் திறந்தது 2014இல்தான்.) டேட்டாவுக்குக் காசு போகிறதே என்று அந்தக் குறிப்பேட்டை 'இந்தக் கணினியில் மட்டும்' என்ற வகையில் வைத்திருந்தேன். அதாவது சேர்வருக்கு ஒரு எழுத்தும் போகவில்லை.

அந்த மாதமே அப்டேட் வந்தது. செய்தேன். வட்டவிதானை என்று தேடினேன், ஒன்றும் இல்லை. மறுபடி தேடினேன், இல்லை. நெஞ்சு அடித்துக்கொண்டது. இணையத்தில் எங்கே பார்த்தாலும் ஒரே ஆலோசனைதான்: நீக்கிவிட்டு மறுபடி நிறுவு. நீக்கும்போது ஒரு சின்னப் பெட்டி எழும்பி, இந்தக் கணினியிலுள்ள தரவையும் அழிக்கவா என்று கேட்டது. சுத்தமாகத் தொடங்கினால்தானே நல்லது என்று நினைத்து அதில் சரி போட்டேன். நானே போட்டேன், யாரும் கையைப் பிடிக்கவில்லை.

மறுபடி நிறுவி உள்ளே போனால் தேடல் அருமையாக வேலை செய்தது. அந்தச் சந்தோசத்தில் மூன்று நாள் ஓடிற்று. நாலாம் நாள் வட்டவிதானை என்று தட்டினேன், இல்லை என்றது. இந்த முறை அது சொன்னது உண்மை. 41 குறிப்பு.

முதல் தடவை 'இல்லை' என்று வந்தபோது அந்த 41 குறிப்பும் பத்திரமாக வட்டில் இருந்தன. பெரிய அப்டேட்டுக்குப் பிறகு சொல்லடைவைத் தொடக்கத்திலிருந்து திரும்ப எழுத வேண்டியிருக்கும். ஆயிரக்கணக்கான குறிப்பும் படமும் இருந்தால் மணிக்கணக்கு ஆகும், லெப்டொப்பை மூடினால் வேலை நிற்கும். நான் இருபது நிமிசம்கூடப் பொறுக்கவில்லை. சொல்லடைவு இல்லை என்பதற்காகப் புத்தகத்தையே அடுப்பில் போட்டவன் நான்.

திரும்ப ஐயாவிடம் போனேன். "என்ன மனே, அண்டைக்கு எல்லாம் சொன்னன்தானே" என்றார். கோபமில்லை, தேத்தண்ணியும் தந்தார். சொன்னார்தான், ஆனால் அரை மணித்தியாலத்தில் முடித்துவிட்டார், மடை உடைத்த கதை வரவேயில்லை. கேட்டதற்கு "அதெல்லாம் என்னத்துக்கு இப்ப" என்று சிரித்தார்.

ஆகவே தேடல் பூச்சியம் காட்டினால் முதலில் பட்டியலைத் திறந்து, தேதி வரிசையில் குறிப்பைக் கண்ணால் பாருங்கள். மொத்த எண்ணிக்கையை அப்டேட்டுக்கு முன் ஒரு துண்டில் எழுதி வைத்திருந்தால் அதோடு ஒப்பிடுங்கள். சார்ஜரில் போட்டு, மூடாமல், இரவு முழுக்க விடுங்கள். அதற்கும் வராவிட்டால் இன்டெக்ஸை மட்டும் புதிதாகக் கட்டச் சொல்லும் வசதி அமைப்புகளில் இருக்கிறதா என்று தேடுங்கள். நீக்குவது எல்லாவற்றுக்கும் கடைசி, அதுவும் சேர்வரோடு ஒத்திசையாத குறிப்பு ஒவ்வொன்றையும் ஏற்றுமதி செய்து, அந்தக் கோப்பைத் திறந்து உள்ளே எழுத்து இருக்கிறதா என்று பார்த்த பிறகு.

மாத முடிவில் அப்டேட்

வேண்டாம். முதலில் அறிக்கையை அனுப்பி முடியுங்கள்.

பிடிக்காவிட்டால் பழையதுக்கே போகலாம் என்ற நினைப்பு

பல செயலிகள் முதல் தடவை திறக்கும்போதே தரவுத்தளத்தைப் புதிய வடிவத்துக்கு மாற்றிவிடும், அதைப் பழைய பதிப்பால் திறக்க முடியாது. போவதானால் பழைய பிரதியோடுதான் போகலாம். பிரதி இல்லையா? போக இடமில்லை.

சாகும்வரை பழையதிலேயே இருப்பது

சூடு கண்ட பூனை மாதிரி நான் நாலு வருசம் அப்டேட்டைத் தொடவேயில்லை. அதுவும் பிழை. எவர்நோட் என்ற குறிப்புச் செயலி 2020இல் 10ஆம் பதிப்பைப் புதிதாக எழுதிக் கொண்டுவந்தபோது பழையதை லெகசி என்ற பெயரில் வைத்திருக்க விட்டார்கள், 2024 மார்ச்சில் அதையும் நிறுத்தினார்கள். விண்டோஸ் 10க்கான வன்நோட் செயலிக்கு ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது. நீங்கள் நகராவிட்டாலும் கீழேயுள்ள நிலம் நகரும்.

இப்போது நான் செய்வது இதுதான்: பழைய லெப்டொப் ஒன்றில் பிரதியை வைத்துப் புதிய பதிப்பைப் போடுவேன், ஓரிரவு விடுவேன், காலையில் பத்துச் சொல்லைத் தட்டிப் பார்ப்பேன். ஏழெட்டு வந்தால் மாறுவேன். வராவிட்டால் பழையதுக்கு எந்தத் தேதி வரை ஆயுள் என்று பார்த்து, அதுவரை அடுத்த திருத்தம் வருகிறதா என்று இருப்பேன். குறிப்பேடு பிரித்து ஒழுங்காக வைக்கிறவர், தேடலை எப்போதாவதுதான் தொடுவார் என்றால் இவ்வளவு பாடு வேண்டாம், தாராளமாக மாறலாம்.

தங்கச்சியின் லெப்டொப்பைச் சார்ஜரில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகச் சொன்னேன். காலையில் தேடலுக்கு உயிர் வந்திருந்தது, எண்ணிக்கையும் சரி. அவளுடைய தரவுத்தளம் ஏற்கெனவே மாறிவிட்டதால் பழையதுக்குத் திரும்ப வழியில்லை. நேற்றுக் கேட்டேன், வலை என்று தட்டினால் இன்னும் வலிதான் வருகிறதாம்.