குரோமைற்றிலிருந்து குரோமியம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வன்னிப் பாடசாலைகளில் உயர்தர இரசாயனவியல் படிக்கும் மாணவர்களுக்கு உலோகப் பிரித்தெடுப்பு என்றதும் இரும்பும் ஊதுலையும்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. அந்த மாதிரியை அப்படியே குரோமியத்தின் தாதுவான குரோமைற்றின் மீது ஏற்றிப் பார்ப்பதால்தான் இவ்விடயத்தில் பெரும்பாலான பிழைகள் நேர்கின்றன. குரோமைற்றில் இரும்பும் குரோமியமும் ஒட்சிசனோடு சேர்ந்து ஒரே பளிங்குக்குள் கட்டுண்டு கிடக்கின்றன. ஓர் இரும்பு அணுவுக்கு இரண்டு குரோமியம் அணுக்கள், நான்கு ஒட்சிசன் அணுக்கள் என்பது அதன் அமைப்பு. இதை மறந்துவிட்டு மேலே படித்தால், சுரங்கம் முதல் உலை வரை எதுவும் சரியாக விளங்காது.

கனியத்தை அடையாளம் காண்பதிலேயே முதல் தவறு நேர்ந்துவிடுகிறது. கொக்கிளாய், புல்மோட்டைக் கரையோரங்களில் அலை ஒதுக்கிவிடும் கருமணலைக் குரோமைற்று என்று எண்ணுவோர் உண்டு. அது முக்கியமாக இல்மனைற்று, அதாவது இரும்பும் தைத்தேனியமும் சேர்ந்த ஒட்சைட்டு. அதனுடன் உரூத்தைல், சேர்க்கன் என்னும் வேறு கனியங்களும் கலந்திருக்கும். இல்மனைற்றும் குரோமைற்றும் கறுப்பு. இரண்டின் அடர்த்தியும் நீரைப் போல் ஏறக்குறைய நாலரை மடங்கு. இரண்டையும் காந்தம் மெல்லவே இழுக்கும். ஆகவே நிறத்தையோ கைப்பாரத்தையோ வைத்து முடிவு சொல்லக் கூடாது. மெருகிடாத பீங்கானில் உரசினால் குரோமைற்று கபிலநிறக் கீற்றையும், இல்மனைற்று பெரும்பாலும் கறுப்புக் கீற்றையும் விடும். அதுவும் ஒரு குறிப்பு மட்டுமே. முடிவைச் சொல்ல வேண்டியது இரசாயனப் பகுப்பாய்வுதான். இலங்கையின் தெற்கே உஸ்ஸங்கொடயில் குரோமியமும் நிக்கலும் மிகுந்த மண் உண்டு. ஆனால் உலோகம் மண்ணில் இருப்பது வேறு, அகழ்ந்தெடுக்கத் தக்க தாதுப்படிவு இருப்பது வேறு.

அத்தகைய படிவுகள் எல்லா இடங்களிலும் ஒரே வடிவில் கிடப்பதாக எண்ணுவதும் பிழை. உலகின் மிகப்பெரிய உற்பத்தி நாடான தென்னாபிரிக்காவில், புஷ்வெல்ட் பாறைத்தொகுதியில், குரோமைற்று மெல்லிய படைகளாக நெடுந்தூரம் பரந்து கிடக்கிறது. சிம்பாப்வேயில் ‘பெரும் டைக்’ எனப்படும் நீண்ட பாறைத்தொகுதியும் அவ்வகையே. கசக்கஸ்தானிலும் துருக்கியிலும் அது வில்லை வடிவத் திரள்களாகக் கிடந்து, சில இடங்களில் சட்டென முடிந்துவிடும். முதல் வகையில் ஓரிடத்தில் கண்ட படையை அடுத்த இடத்திலும் ஓரளவு எதிர்பார்க்கலாம். இரண்டாம் வகையில் நெருக்கமாகத் துளையிட்டுப் பார்க்காமல் தாதுவின் அளவைக் கணிக்க முடியாது. படிவு மேற்பரப்புக்கு அருகில் இருந்தால் திறந்த குழியாகவும், ஆழத்தில் இருந்தால் சுரங்கமாகவும் அகழ்வார்கள். இந்தியாவில் ஒடிசாவின் சுகிந்தாப் பள்ளத்தாக்கு பெரும்பாலும் திறந்த குழிகளால் அறியப்பட்டது.

அடுத்த தவறுதான் மாணவர்களிடம் மிக ஆழமாக வேரூன்றியிருப்பது: தாதுவை மேலும் மேலும் அரைத்துக் கழுவினால் இரும்பு நீங்கிவிடும் என்ற எண்ணம். சுருள் பிரிப்பான், அதிரும் மேசை போன்ற கருவிகள் பாரமான குரோமைற்று மணிகளை இலேசான பாறைத்துணிக்கைகளிலிருந்து பிரிப்பவை மட்டுமே. பளிங்குக்குள் இருக்கும் இரும்பை எந்தக் கழுவலும் வெளியேற்றாது. கலப்பற்ற குரோமைற்றில்கூடக் குரோமியம் ஒட்சைட்டு நிறைப்படி 68 சதவீதமளவே. இயற்கையில் இரும்பின் இடத்தில் மகனீசியமும் குரோமியத்தின் இடத்தில் அலுமினியமும் நுழைந்துவிடுவதால், உண்மையான தாதுவில் இது இன்னும் குறையும். எனவே குரோமியத்துக்கும் இரும்புக்கும் உள்ள விகிதம் அந்தத் தாதுவின் பிறவிக்குணம் என்றே கொள்ள வேண்டும். உலையிலிருந்து வரும் கலப்புலோகத்தின் தரத்தையும் அதுவே பெரிதும் தீர்மானிக்கிறது.

அளவுக்கு மீறி அரைப்பதால் வேறொரு கேடும் உண்டு. மிக நுண்ணிய துகள்கள் கழுவுநீரோடு போய்விடுகின்றன. எஞ்சுவதை அப்படியே உலையில் கொட்டினால் அது அடைத்துக்கொண்டு, கீழே உண்டாகும் காபனோரொட்சைட்டு வாயுவை மேலெழ விடாது. தேங்கிய வாயு திடீரென வெடித்துக் கிளம்பும் ஆபத்து உண்டு. அதனால்தான் தூள்தாதுவை உருண்டைகளாக்கிச் சுட்டோ கட்டிகளாக அழுத்தியோ உலைக்கு அனுப்புகிறார்கள்.

இனி உலை. குரோமைற்றையும் கற்கரியையும் சேர்த்துச் சூடாக்கினால் தூய குரோமியம் கிடைக்கும் என்று எழுதுவது பிழை. காபன் முதலில் இரும்பை எளிதாகத் தாழ்த்திவிடும், அதாவது ஒட்சிசனைப் பறித்து உலோகமாக்கிவிடும், குரோமியத்தையும் தாழ்த்தும், பின்னர் குரோமியத்தோடு சேர்ந்து காபைட்டாகவும் நின்றுவிடும். கிடைப்பது பெரோகுரோம் என்னும் கலப்புலோகம். அதில் காபன் பொதுவாக 6 முதல் 8 சதவீதம் வரை இருக்கும். இதற்கு வேண்டிய வெப்பநிலை 1,600 பாகை செல்சியசுக்கும் மேல். மின்வாய்கள் தாதுக்குவியலுக்குள் புதைந்திருக்கும் மின்வில் உலைகளே இன்று இவ்வேலையைச் செய்கின்றன. ஒரு தொன் பெரோகுரோமுக்கு 3,000 முதல் 4,000 அலகு வரை மின்சாரம் செலவாகிறது. மாதம் 100 அலகு பாவிக்கும் கிளிநொச்சி வீடொன்றுக்கு இரண்டரை ஆண்டுக்கு மேல் போதுமான மின்சாரம் அது.

அப்படியென்றால் பெரோகுரோம் அரைகுறைப் பொருளா? இல்லை. உலகில் அகழப்படும் குரோமைற்றில் பெரும்பகுதி கறையில் உருக்குக்காகவே போகிறது, அங்கே இரும்பு எப்படியும் தேவை. நம் சமையலறை எவர்சில்வர்ப் பாத்திரத்தில் குரோமியம் குறைந்தது 10.5 சதவீதமாவது இருக்க வேண்டும். மிகையான காபனை உருக்காலையில் ஒட்சிசனும் ஆகனும் ஊதி நீக்கிவிடுவார்கள்.

இரும்பே கலவாத குரோமியம் வேண்டுமானால் பாதை முற்றிலும் வேறு. இங்கேதான் விடைத்தாள்கள் அதிகமாகத் தடுமாறுகின்றன. உலோகம் பெறுவது தாழ்த்தல் என்பதால் முதற்படியையும் தாழ்த்தல் என்றே எழுதிவிடுகிறார்கள். உண்மையில் முதற்படி ஒட்சியேற்றம். அரைத்த குரோமைற்றைச் சோடியம் காபனேற்றுடன் கலந்து, வளி தாராளமாகப் பட, 1,100 பாகையளவில் வறுக்கும்போது குரோமியம் +3 ஒட்சியேற்ற நிலையிலிருந்து +6 நிலைக்கு ஏறிச் சோடியம் குரோமேற்றாகிறது. சமன்பாட்டில் ஒட்சிசனை விட்டுவிட்டால் அது சமப்படவே மாட்டாது. இத்தனை பாடுபட்டு ஏற்றுவதற்குக் காரணம் ஒன்றுதான்: குரோமேற்று நீரில் கரையும், இரும்பு ஒட்சைட்டு கரையாது. வறுத்ததை நீரில் ஊறவைத்து வடித்தால் மஞ்சள் கரைசல் கீழே இறங்க, செங்கபில நிற மண்டி வடியில் தங்குகிறது. பளிங்குக்குள் கட்டுண்டு கிடந்த இரு உலோகங்களும் பிரிவது அந்த இடத்தில்தான். மஞ்சள் கரைசலுக்குச் சல்பூரிக்கமிலம் சேர்க்கச் செம்மஞ்சள் நிற இருகுரோமேற்று உண்டாகும். அதைக் காபனுடன் சூடாக்கினால் பச்சை நிறக் குரோமியம் ஒட்சைட்டு. கடைசியில் அலுமினியத்தூள் அதிலிருந்து உலோகத்தை விடுவிக்கும். கடைசிப் படிக்கும் காபனையே எழுதுவது தவறு, மீண்டும் காபைட்டு வந்துவிடும். பரந்தனில் உப்பிலிருந்து எரிசோடா செய்த தொழிற்சாலையை நினைத்து இங்கும் மின்பகுப்பே வழி என்று எழுதுவோருக்கு ஒரு சொல்: குரோமிய உப்புக் கரைசலை மின்பகுத்து உலோகம் பெறும் முறையும் உண்டு, ஆனால் அங்கும் குரோமைற்றை நேரே மின்பகுப்பதில்லை.

+6 நிலைக் குரோமியம் புற்றுநோய் உண்டாக்கவல்லது. இதை ஒரு வரிக் குறிப்பாகக் கடந்துபோவதை நான் பெருந்தவறாகக் கருதுகிறேன். சுகிந்தாவில் சுரங்க நீரோடு கலந்த இந்த நஞ்சு சுற்றுப்புற நீர்நிலைகளைக் கெடுத்தது. அங்கே நீரைப் பரிகரிக்க, +6 நிலைக் குரோமியத்தை மீண்டும் +3 நிலைக்குத் தாழ்த்தும் பெரசு சல்பேற்றைப் பயன்படுத்துகிறார்கள். குடிநீரில் மொத்தக் குரோமியத்துக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த வழிகாட்டல் அளவு லீற்றருக்கு 0.05 மில்லிகிராம் மட்டுமே. கிணற்றை நம்பி வாழும் வன்னியில், பாடசாலை ஆய்வுகூடத்தில் எஞ்சும் பொற்றாசியம் இருகுரோமேற்றுக் கரைசலைத் தொட்டியில் ஊற்றி நீர் திறந்துவிடுவது எவ்வகையிலும் ஏற்கத் தக்கதல்ல. ஆசிரியரின் மேற்பார்வையில், அமிலம் சேர்ந்த கரைசலுக்குச் செம்மஞ்சள் முற்றாக மறைந்து பச்சையாகும்வரை பெரசு சல்பேற்றுச் சேர்த்து, பின்னர் சுண்ணாம்பிட்டுச் சேற்றைப் படியவிட வேண்டும். கிணறு இறைத்தபின் போடும் குளோரின் தூள் அந்தச் சேற்றில் படவே கூடாது. பட்டால் குரோமியம் மறுபடியும் +6 நிலைக்கு ஏறிவிடும். படிந்ததை மூடியுள்ள கொள்கலனில் இட்டு, உள்ளிருப்பது இன்னதென்றும் திகதியும் எழுதி ஒட்டி, ஆய்வுகூடப் பொறுப்பாசிரியரிடம் ஒப்படைக்க வேண்டும்.