முப்பது முடிந்தபின் திறக்கிற ஃபிரீசர்

பிள்ளை பிறப்பதற்கு முன்பே சமைத்து உறைய வைத்துக்கொள் என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். நல்ல யோசனைதான், ஆனால் இங்கே மலேசியாவில், நம் வீடுகளில் பிள்ளை பிறந்த முதல் முப்பது நாளுக்கு அது எடுபடாது. எனக்கு இது ஒன்பதாம் மாதம். சுங்கை சிப்புட்டிலிருந்து அம்மா வந்துவிட்டால் பூண்டுக் குழம்பும் மிளகு ரசமும் அன்றன்றைக்கு அடுப்பிலிருந்து இறங்கும். "பெத்த உடம்புக்கு ஐஸ்ல வச்சதையா குடுப்பாங்க?" என்று கேட்கிறவரிடம் மைக்ரோவேவ் பற்றிப் பேசிப் பயனில்லை.

அதனால் என் ஃபிரீசர் கணக்கு, முப்பது கழித்து அம்மா ரயில் ஏறிய மறுநாள் தொடங்குகிறது. வீட்டுக்காரருக்குச் சட்டப்படி விடுப்பு 7 நாள்தான். அது எப்போதோ தீர்ந்திருக்கும். நான் வீட்டில்தான் இருப்பேன், ஆனால் ஒரு கையில் பிள்ளை இருக்கும். மிச்சமிருக்கிற ஒரு கையால் எடுத்துச் சாப்பிடக்கூடியதாகப் பார்த்துச் செய்யுங்கள்.

செந்தூலில் வீட்டிலிருந்தே கேக் செய்து விற்கிறவள் நான். என் முதல் ஓட்டு வாழைப்பழ மஃபினுக்கு. பாசாரில் (சந்தையில்) தோல் கறுத்த பிசாங் பெராங்கான் வாழைப்பழம் மலிவாகவே கிடைக்கும். உரித்த பழம் 350 கிராமை முள்கரண்டியால் மசித்து, முட்டை 2, சீனி 120 கிராம், எண்ணெய் 100 மில்லி, பால் 60 மில்லி சேர்த்துக் கலக்குங்கள். கோதுமை மாவு 250 கிராம், பேக்கிங் பவுடர் 2 தேக்கரண்டி, சோடா மாவு அரைத் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை, எல்லாவற்றையும் சலித்து அதில் கொட்டி, வெள்ளை மாவு கண்ணில் படாமல் போகும் வரைக்கும் கிளறினால் போதும். மேலே மேலே கிளறினால் ரப்பராகிவிடும். 12 கிண்ணம் வரும். 180 டிகிரியில் இருபது நிமிடத்துக்கு மேல் பல்குச்சி குத்திப் பாருங்கள். வெண்ணெய் போடாததற்குக் காரணம் உண்டு: வெண்ணெய் குளிரில் இறுகும், எண்ணெய் அவ்வளவு இறுகாது. குளிர் விட்டதும் மஃபின் மெத்தென்றே இருக்கும்.

ஆறவைப்பதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். வெதுவெதுப்போடு பையில் போட்டால் ஆவி உள்ளேயே பனியாகும்; பிறகு வெளியே எடுக்கும்போது அடிப்பக்கம் நசநசக்கும். கம்பித் தட்டில் வைத்து ஃபேனுக்குக் கீழே முழுக்க ஆறவிடுங்கள். பிறகு தட்டோடு ஃபிரீசரில் வைத்து, கல்லான பின் பையில் போட்டுக் காற்றை அழுத்தி வெளியேற்றுங்கள். அப்போதுதான் ஒன்றோடொன்று ஒட்டாமல் வேண்டியதை மட்டும் எடுக்கலாம். 3 மாதம் ருசி குறையாது.

கறிபாப்பை, அதாவது உருளைக்கிழங்குக் கறி அடைத்த பலகாரத்தை, பொரிக்காமல் பச்சையாகவே உறைய வையுங்கள். பொரிக்கும்போது குளிர் விடக் காத்திருக்க வேண்டாம், மிதமான எண்ணெயில் அப்படியே போடலாம். அதன் உள்ளே வறண்டு வதங்கிய உருளைக்கிழங்கு தாங்கும். குழம்பில் கிடக்கிற உருளைக்கிழங்கு தாங்காது, உறைந்து எழுந்தால் மணல்மணலாகிவிடும். தேங்காய்ப்பாலும் திரிந்துபோகும். எனவே கோழிக் குழம்பை இரண்டும் இல்லாமல் வைத்து, சூடாக்கும் நாளில் தேங்காய்ப்பாலை ஊற்றுங்கள். நம் ஊர் வெக்கையில் குழம்பை மேசையில் மறந்துவிடக் கூடாது. சட்டியைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி வைத்துச் சீக்கிரம் ஆற்றி, ஒரு வேளைக்கு ஒரு பை என்று தட்டையாகப் படுக்க வையுங்கள். முதல் நாள் இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றி, மறுநாள் தளதளவென்று கொதிக்க விடுங்கள். மீந்ததைத் திரும்ப உறைய வைக்காதீர்கள்.

அம்மாவும் ஃபிரீசரில் இடம் கேட்பார்: உரித்த பூண்டுக்கும் பால் சுறாவுக்கும். பூண்டுக்குச் சரி. பத்தியச் சமையலில் உரிக்கிற நேரம்தான் பெரிய நேரம், உட்கார்ந்து டிவி பார்க்கும்போதே உரித்துக் கட்டி வைத்துவிடலாம். சுறாவுக்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை. சுறாவில் பாதரசம் அதிகம், பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவர்களுக்கு அது ஆகாது. பதிலுக்குக் கெம்போங் மீன் (கானாங்கெளுத்தி) வாங்கிச் சுத்தம் செய்து வைத்திருக்கிறேன். பால் ஊறாவிட்டால் பழி என் மேல்தான் விழும், விழட்டும்.

இவ்வளவும் வைத்தபின் ஃபிரீசரை முட்ட முட்ட நிரப்பிவிடாதீர்கள். கறந்து வைக்கிற தாய்ப்பாலுக்கு உள்மூலையில் ஒரு தட்டு விடுங்கள். கதவுப் பக்கம் வேண்டாம், திறக்கும்போதெல்லாம் சூடு படும்.

பைமேல் பெயரும் தேதியும் மட்டும் எழுதினால் வீட்டுக்காரர் அதை வெளியே எடுத்து வைத்துவிட்டு என்னைக் கூப்பிடுவார். அதனால் நான் இப்படி எழுதுகிறேன்: "கோழிக் குழம்பு. நல்லா கொதிக்கணும். அரை டம்ளர் தேங்காய்ப்பால். சோறு நீங்க வைங்க."