காற்று அடித்தும் அணையாத டயர் விளக்கு: எங்கிருந்து தேடத் தொடங்குவது?

டேஷ்போர்டில் குதிரை லாடம் போன்ற ஒரு மஞ்சள் வளைவு, நடுவில் ஆச்சரியக்குறி. ஏதோ ஒரு டயரில் காற்று குறைந்திருக்கிறது என்று பொருள். காற்று அடித்தால் அணைந்துவிட வேண்டும். அணையவில்லை, அல்லது அணைந்து நாலு நாளில் திரும்ப எரிகிறது என்றால் பலரும் உடனே சென்சாரைத்தான் சந்தேகப்படுகிறார்கள். என்னைக் கேட்டால் அதைக் கடைசியில்தான் சந்தேகிக்க வேண்டும். காற்றை எப்போது அளந்தோம், எதை வைத்து அளந்தோம் என்பதில்தான் பெரும்பாலும் விஷயம் இருக்கிறது.

தேவையானவை ஒரு பிரஷர் கேஜ், கொஞ்சம் சோப்புத் தண்ணீர், காரோடு வந்த கையேடு. ஓடும்போது விளக்கு எரிந்து வண்டி ஒரு பக்கமாக இழுத்தாலோ, ஸ்டியரிங் கனத்தாலோ இந்த வரிசை எதுவும் வேண்டாம். மெதுவாக ஓரம் கட்டி, இறங்கி டயரைப் பாருங்கள்.

1. விளக்கு எப்படி எரிகிறது?

வண்டியை ஆன் செய்ததும் சில நொடி எரிந்து அணைவது இயல்பு. அணையாமல் நிலையாக எரிந்தால் காற்று குறைவு. ஒரு நிமிடம் போல மினுக்கிவிட்டு, பிறகு நிலையாக எரிந்தால் பெரும்பாலான கார்களில் அது கண்காணிப்பு அமைப்பிலேயே கோளாறு என்பதற்கான அடையாளம். அப்படியானால் காற்றை மட்டும் கையால் ஒருமுறை சரிபார்த்துவிட்டு 6ஆம் படிக்குப் போய்விடலாம்.

2. எவ்வளவு காற்று வேண்டும்?

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். சில கார்களில் பெட்ரோல் மூடியின் உள்பக்கம். அதில் இருப்பதுதான் உங்கள் அளவு. முன் டயருக்கும் பின் டயருக்கும் வேறுபடலாம், ஆள் நிறைய ஏறினால் அளவு கூடலாம். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. அதைப் பார்த்து அடிக்கக் கூடாது. பெட்ரோல் பங்கில் “எவ்வளவு சார்?” என்று கேட்டதும் வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லும் பழக்கத்தையும் விட்டுவிடலாம்.

3. காலையில், வண்டி எடுக்கும் முன் அளக்கவும்

பாதிப் பேருக்கு விஷயம் இங்கேயே முடிந்துவிடும். ஸ்டிக்கரில் இருப்பது டயர் குளிர்ந்திருக்கும்போது இருக்க வேண்டிய அளவு. குளிர்ந்த டயர் என்றால் குறைந்தது மூன்று மணி நேரம் நின்ற வண்டியின் டயர், அல்லது ஒன்றரை கிலோமீட்டருக்குள் ஓடிய வண்டியின் டயர். நெடுஞ்சாலையில் ஓடிய டயரில் 4 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) வரை கூடுதலாகக் காட்டுவது சாதாரணம். அந்தச் சூட்டோடு பங்கில் நிறுத்தி 33 பிஎஸ்ஐ அடித்தால், மறுநாள் காலை இருப்பது 29தான். வெப்பம் 5, 6 டிகிரி செல்சியஸ் இறங்கினால் இன்னொரு பிஎஸ்ஐ போகும். நல்ல டயரிலும் மாதத்துக்கு ஒன்றிரண்டு பிஎஸ்ஐ தானாகக் கசியும். பங்கு மீட்டரில் இரண்டு புள்ளி பிழையும் சேர்ந்துகொண்டால் விளக்கு எரியாமல் என்ன செய்யும்?

இதற்கு ஓர் எளிய அடையாளம் உண்டு. காலையில் எரிந்து, அரை மணி நேரம் ஓடியதும் தானாக அணைகிறது என்றால் காற்று எல்லைக்கோட்டில் நிற்கிறது. டயர் சூடானதால்தான் விளக்கு அணைந்தது, காற்று சரியானதால் அல்ல.

அந்த எல்லைக்கோடும் தாராளமானது. ஃபயர்ஸ்டோன் டயர் பூட்டிய ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் கார்கள் கவிழ்ந்து பலர் இறந்ததை அடுத்து, 2000ல் வந்த சட்டத்தின் மூலம்தான் அமெரிக்காவில் இந்த விளக்கு கட்டாயமானது. அந்த ஊர் விதிப்படி, ஸ்டிக்கர் அளவில் 25 சதவீதம் குறையும்போது எச்சரித்தால் போதும். 33 பிஎஸ்ஐ டயர் 25க்குப் பக்கத்தில் வந்து நிற்கும் நிலை அது. பல கார்கள் அதற்கு முன்பே எச்சரிக்கும். ஆனாலும் “சும்மா எரியுது, கண்டுக்காதீங்க” என்ற பேச்சை நம்ப வேண்டாம்.

ஆகவே சொந்தமாக ஒரு கேஜ் வாங்கி, நான்கு டயரையும் காலையில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஸ்டெப்னியையும் விடாதீர்கள், அதிலும் சென்சார் உள்ள கார்கள் சில உண்டு. சூடான டயரில் கூடுதலாகக் காட்டுகிறதே என்று காற்றை இறக்கக் கூடாது.

4. உங்கள் கார் எந்த வகை?

திரையில் ஒவ்வொரு டயருக்கும் தனித்தனியாக பிஎஸ்ஐ எண் தெரிந்தால் நேரடி வகை. சக்கரத்துக்குள் சென்சார் இருக்கிறது. சரியாகக் காற்று அடித்துச் சில நிமிடம் ஓட்டினால் இந்த வகையில் பெரும்பாலும் விளக்கு தானே அணையும்.

வெறும் விளக்கு மட்டும்தான் என்றால் மறைமுக வகையாக இருக்கலாம். இதில் காற்றை யாரும் அளப்பதில்லை. காற்று குறைந்த டயர் சற்றுச் சிறுத்து மற்றவற்றைவிட வேகமாகச் சுழலும். பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் அமைப்பின் சென்சார் அந்த வித்தியாசத்தைப் பிடிக்கும். ஆகவே நீங்கள் காற்று அடித்தது காருக்குத் தெரியாது, நாம்தான் சொல்ல வேண்டும். காற்று அடித்த பிறகு மெனுவிலோ, அதற்கென உள்ள பட்டனிலோ ரீசெட் செய்யுங்கள். பிறகு கார் புதிய அளவைக் கற்றுக்கொள்ள ஓட வேண்டும். ஹோண்டா கார்களில் இதற்கு மொத்தமாக அரை மணி நேரம் போலாகும். டயர் மாற்றினாலும், இடம் மாற்றிப் போட்டாலும் திரும்ப ரீசெட் வேண்டும். காற்றைச் சரிசெய்யாமல் ரீசெட் மட்டும் அழுத்தினால், குறைந்த காற்றையே சரியான அளவு என்று கார் பாடம் படித்துக்கொள்ளும்.

5. ஒரே டயரில் மட்டும் இறங்குகிறதா?

எழுதி வைத்த எண்களை நாலைந்து நாள் கழித்து ஒப்பிடுங்கள். எல்லா டயரும் சேர்ந்து குறைந்தால் வானிலை. ஒன்று மட்டும் இறங்கினால் கசிவு. அந்த டயரில் சோப்புத் தண்ணீரை முதலில் வால்வு வாயில் ஊற்றுங்கள், பிறகு வால்வின் அடிப்பகுதியில், பிறகு ரிம்மும் டயரும் சேரும் விளிம்பு முழுக்க, கடைசியாக டயரின் ஓடுதளத்தில். குமிழி வரும் இடம்தான் கோளாறு. வால்வு வாயில் வந்தால் உள்ளே உள்ள சின்ன வால்வு ஊசியை மாற்றினால் போதும், செலவு மிகக் குறைவு. விளிம்பில் வந்தால் அலாய் அரித்திருக்கலாம், அல்லது பள்ளத்தில் இறங்கி ரிம் வளைந்திருக்கலாம்; கழற்றிப் பார்க்க வேண்டும். ஆணி தெரிந்தால் நீங்களே பிடுங்காதீர்கள், பஞ்சர் கடை வரை அதுதான் அடைப்பு.

6. சென்சார்

காற்று சரி, கசிவும் இல்லை, விளக்கு மினுக்குகிறது என்றால் இப்போது சென்சாரைச் சந்தேகிக்கலாம். அதன் பேட்டரி பொதுவாக 5 முதல் 10 வருடம் வரும்; மூடி ஒட்டப்பட்டிருப்பதால் பேட்டரியை மட்டும் மாற்ற முடியாது, முழு சென்சாரும் மாற வேண்டும். சென்சார் இல்லாத ஸ்டெப்னியை மாட்டியிருந்தாலும், டியூப்லெஸ் டயருக்குள் டியூப் போடுவதற்காகச் சென்சாரைக் கழற்றியிருந்தாலும் இதே அறிகுறிதான்.

டயர் கடையில் ஸ்கேனர் வைத்து நான்கு சென்சாரையும் படிக்கச் சொல்லுங்கள்; எது பதில் சொல்லவில்லை என்று தெரிந்துவிடும். அதைப் பார்க்காமல் நான்கையும் மாற்ற ஒப்புக்கொள்ள வேண்டாம். புதியதைப் பூட்டிய பிறகு காருக்கு அதை அறிமுகப்படுத்தும் வேலையும் பல கார்களில் உண்டு. அது கூலியில் சேர்ந்ததா என்று முன்பே கேளுங்கள். டயரைக் கழற்றும்போது, வால்வை ஒட்டி உள்ளே சென்சார் இருக்கிறது என்று மெக்கானிக்கிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். கம்பி பட்டு உடைவது அங்கேதான். உலோக வால்வு என்றால் மூடியை மட்டும் பிளாஸ்டிக்கில் போடச் சொல்லுங்கள், அலுமினிய வால்வில் பித்தளை மூடி அரித்து ஒட்டிக்கொள்ளும்.