காசு குறைவான படத்துக்கு மேக்கப்: எதை வாங்கலாம், எதை நாமே கலக்கலாம்

பணம் பத்தாதபோது முதலில் கை வைப்பது மேக்கப்பில்தான். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். நல்ல கேமரா, நல்ல லைட் எல்லாம் வாடகைக்கு எடுத்துவிட்டு, க்ளோசப்பில் நடிகரின் மூக்கு எண்ணெய் வழிந்து மின்னினால் அந்த ஷாட் வீண். அதைத் தடுக்க டிஷ்யூவும் ஒரு டப்பா டிரான்ஸ்லூசன்ட் பவுடரும் (தோலில் நிறம் காட்டாத பவுடர்) போதும். முதலில் டிஷ்யூவால் ஒற்றி எண்ணெயை எடுங்கள், அப்புறம்தான் பவுடர். எண்ணெய் மேலேயே பூசிக்கொண்டு போனால் நாலாவது டேக்குக்குள் முகம் திட்டுத்திட்டாகிவிடும்.

ஃபவுண்டேஷனை மணிக்கட்டில் தடவிப் பார்த்து வாங்காதீர்கள். தாடையிலிருந்து கழுத்து வரை ஒரு கோடு இழுத்துப் பாருங்கள், கோடு தோலோடு கரைந்து காணாமல் போனால் அதுதான் சரியான ஷேட். ஆளுக்கு ஒன்று வாங்க வசதியில்லையா? வெளிர் ஒன்று, அடர்த்தி ஒன்று வாங்கிக் கலந்துகொள்ளலாம். முகம் முழுக்கப் பூசவும் வேண்டாம், கண்ணுக்குக் கீழே, மூக்கோரம், சிவந்த இடங்கள், அவ்வளவுதான்.

எதைப் போட்டாலும் கண்ணாடியில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். படம் எடுக்கப்போகும் அதே கேமரா, அதே லைட்டில் அரை நிமிடம் எடுத்துப் பாருங்கள்.

இனி ரத்தம். கார்ன் சிரப்பில் (சோளப் பாகு) சிவப்பு ஃபுட் கலர் கலந்தால் மட்டும் அது ரத்தமாகத் தெரியாது, ஏனென்றால் வெளிச்சம் அதை ஊடுருவிப் போய் ஜாம் மாதிரி பளபளக்கும், உண்மையான ரத்தமோ ஒளியை அப்படி விடாது. அதற்குத்தான் கோகோ பவுடர். ஒரு சிட்டிகையை வெந்நீரில் கட்டியில்லாமல் குழைத்து ஊற்றுங்கள், கூடவே நீல ஃபுட் கலர் ஒரே ஒரு சொட்டு. ஒரு வெள்ளைத் துணியில் சொட்டவிட்டு ஓரத்தைக் கவனியுங்கள்: ரோஸ் நிறமாக விரிந்தால் இன்னும் கொஞ்சம் கோகோ தேவை. காய்ந்த ரத்தம் வேண்டுமென்றால் கோகோவைக் கூட்டினால் பழுப்பு ஏறும். ஃபுட் கலர் தோலிலும் துணியிலும் கறையாக நிற்கும், அதனால் தோலில் முன்கூட்டியே வாசலின் மெல்லியதாகத் தடவுங்கள், அதே சட்டையில் இன்னொன்று கைவசம் வையுங்கள்.

அடிபட்ட காயத்துக்கு உங்களிடம் இருக்கும் ஐஷேடோவே போதும், ஆனால் கதையில் அது எத்தனையாவது நாள் என்று கேளுங்கள். அடிபட்டவுடன் சிவப்பு, ஓரிரு நாளில் நீலமும் ஊதாவும், அப்புறம் பச்சை, கடைசியில் மஞ்சள். பிரஷ் வேண்டாம், விரல் நுனியால் ஒற்றி ஓரங்களை மங்கலாக்குங்கள். சிராய்ப்புக்கு, சொரசொரப்பான ஸ்பாஞ்சைப் பிய்த்து, அந்தப் பிய்ந்த பக்கத்தால் சிவப்பை ஒற்றினால் போதும். முடித்ததும் நேராகவும் பக்கவாட்டிலும் போட்டோ எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த நாள் ஷூட்டிங்கில் காயம் இடம் மாறிவிடும்.

வியர்வைக்குத் தண்ணீர் மட்டும் தெளித்தால் காய்ந்துவிடும், கொஞ்சம் கிளிசரின் சேருங்கள்.

கிழிந்த தோலுக்கு லிக்விட் லேடெக்ஸும் (காய்ந்தால் தோல் போலாகும் திரவ ரப்பர்) டிஷ்யூவும் வைத்து அடுக்கலாம். ஆனால் லேடெக்ஸ் சிலருக்கு அலர்ஜி, எனவே ஷூட்டிங்குக்கு முந்தின நாளே நடிகரின் முழங்கையின் உள்பக்கம் ஒரு துளி வைத்துப் பாருங்கள். புருவத்தில் படவே கூடாது. மஸ்காராவை ஒருவர் போட்டதை இன்னொருவருக்குப் போடாதீர்கள், கண் நோய் தொற்றும். பேக்கப் சொன்னதும் லேடெக்ஸைப் பிடித்து இழுக்காமல், வெந்நீரில் நனைத்த துணியை வைத்து ஓரத்திலிருந்து மெதுவாக உருட்டி எடுங்கள்.