பொதுவாழ்வில் ஈடுபட்ட குடும்பத்துப் பெண்மணியின் தாள்களைப் பேணும் முறை

கன்னியாகுமரி மாவட்டத்தில் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்துப் பழைய வீடுகளைக் காலிசெய்யும்போது, ஊர்க்காரியங்களில் முன்னின்ற ஆண்களின் மனுக்களும் கட்சித் துண்டறிக்கைகளும் எப்படியோ தப்பிவிடுகின்றன. அந்த வீட்டு அம்மையாரின் அழைப்பிதழ்களும் நன்றிக் கடிதங்களும் கணக்கு நோட்டுகளும் பழைய பேப்பர்காரரிடம் போய்விடுகின்றன. இது பெரும் இழப்பு. மாதர் சங்கக் கூட்டத்துக்கு யார் யார் வந்தார்கள், பள்ளிக்கூடக் கட்டடத்துக்கு எந்த வீட்டார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பது ஏதோ ஓர் அழைப்பிதழின் பின்புறத்தில், அவருடைய பென்சில் எழுத்தில் மட்டுமே மிஞ்சியிருக்கக்கூடும். ஆகவே அவருடைய தாள்களைக் கணவரின் கோப்புகளுக்குள் சேர்க்காமல், அவர் பெயரிலேயே தனித் தொகுப்பாக வையுங்கள்.

இரு பருவமழைகளும் பெய்யும் மாவட்டம் இது. பெட்டியைத் திறக்க ஜனவரி முதல் மார்ச் வரையுள்ள வறண்ட நாட்களே நல்லவை. திறந்தவுடன் எதையும் கலைக்காமல் அடுக்கடுக்காகப் படமெடுத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் ஒரு கடிதம் எந்தக் கட்டுக்குள், எதனோடு சேர்ந்து இருந்தது என்பதே பல வேளைகளில் அதன் பொருளைச் சொல்லும். துருப்பிடித்த குண்டூசியை வெடுக்கென உருவினால் தாள் கிழிந்துவிடும். ஊசிக்கும் தாளுக்கும் இடையே மெல்லிய பிளாஸ்டிக் துண்டைச் செருகி, துருவை மெதுவாக விடுவித்த பிறகே ஊசியை எடுக்க வேண்டும். கிழிசலில் செல்லோடேப் ஒட்டுவதும் லாமினேஷன் செய்வதும் கூடவே கூடாது. இரண்டையும் பின்னர் நீக்குவது மிகக் கடினம்.

காலத்தைக் கணிப்பதில் நம் மாவட்டத்துக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணையும்வரை இது திருவிதாங்கூரோடும், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்ததால், ஆவணங்களில் மலையாள எழுத்தும், மலையாள நாட்காட்டியின் கொல்லம் ஆண்டும் வரும். ஆவணி முதல் டிசம்பர் முடிய உள்ள நாட்களுக்குக் கொல்லம் ஆண்டோடு 824, ஜனவரி முதல் ஆடி முடிய 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். எடுத்துக்காட்டாக, எல்லாச் சாதி இந்துக்களுக்கும் கோயில்களைத் திறந்துவிட்ட திருவிதாங்கூர் ஆலயப் பிரவேச விளம்பரம் வெளிவந்த 1112 துலாம் (ஐப்பசி) 27 என்பது 1936 நவம்பர் 12. கடித உறைகளை எறியாதீர்கள், தபால்தலைகளை வெட்டி எடுக்கவும் விடாதீர்கள்: சங்கு முத்திரையுள்ள, திருவிதாங்கூரின் சொந்தத் தபால் துறையான ‘அஞ்சல்’ 1951-இல் இந்தியத் தபால் துறையோடு இணைந்துவிட்டதால், அந்த உறை ஒன்றே தேதியில்லாத கடிதத்தின் காலத்துக்குத் துப்புத் தரும். நீங்கள் கணித்த தேதியைப் பேனாவால் எழுதாமல், மென்மையான பென்சிலால் தாளின் ஓரத்தில் சதுர அடைப்புக்குள் எழுதுங்கள். அது அவருடைய எழுத்தல்ல என்பது பின்னால் வருபவருக்குத் தெரிய வேண்டும்.

இந்தப் பகுதியைத் தமிழ் மாநிலத்தோடு சேர்க்கக் கோரிய இணைப்புப் போராட்டக் காலத்துத் தாள்களில் தனிக் கவனம் வேண்டும். 1954 ஆகஸ்ட் 11 அன்று போராட்டக்காரர்கள்மீது காவல்துறை நடத்திய துப்பாக்கிச்சூட்டை ஒட்டிய நாட்களில் எழுதப்பட்ட சாதாரண நலவிசாரிப்புக் கடிதத்திலும், எந்த வீட்டில் யார் தங்கினார்கள், யாருக்குச் சோறு போனது போன்ற, அரசுப் பதிவில் இராத விவரங்கள் இருக்கலாம்.

கல்யாணப் பேச்சு, கடன், நோய் பற்றிய கடிதங்களைத் தனி உறையிலிட்டு, இன்ன ஆண்டுவரை திறக்கலாகாது என்று குறித்துவிடுங்கள். தாள் உங்கள் கையில் இருந்தாலும், எழுத்தின் பதிப்புரிமை எழுதியவருக்கோ அவருடைய வாரிசுகளுக்கோ உரியது. அவர்களைக் கேட்காமல் அச்சிடலாகாது.

பிறகு எல்லாவற்றையும் அமிலமற்ற உறைகளிலிட்டு, கரையான் ஏறாதபடி சுவரையும் தரையையும் தொடாத அலமாரியில் வையுங்கள். நூலகத்துக்கோ கல்லூரிக்கோ கொடுப்பதானால், முழுப் பட்டியலின் ஒரு பிரதியைக் கையெழுத்துடன் திரும்பப் பெற்றுக்கொண்ட பிறகே ஒப்படையுங்கள்.