தாவோவ அன்றாட வாழ்க்கைல எப்படி கொண்டு வர்றது

தாவோங்குறது பழைய சீனத் தத்துவம், எதையும் அதோட இயல்பான போக்குல விட்டு அதோட ஒத்துப் போற வழி. அத பழக, முதல்ல ஒரே ஒரு வேலைய எடுத்துக்கோங்க. தினமும் பண்றதா இருக்கணும், முடிச்சதும் உடம்போ மனசோ தேவைக்கு மேல அசந்து போறதா இருக்கணும். வண்டி ஓட்டுறது, ஆபீஸ் மெயில் எழுதுறது, பிள்ளைய ஹோம்வொர்க்குக்கு உக்கார வைக்கிறது, எதுவா இருந்தாலும் சரி. தாவோன்னு சொன்னதும் பாதிப்பேரு நேரா மலை, மூங்கில் காடு, தியானம்னு போயிடுறாங்க, அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், இந்த ஒரு வேலைல எந்த இடத்துல நாம அளவுக்கு மீறி அழுத்துறோம்னு கண்டுபிடிங்க, அங்கதான் ஆரம்பிக்கணும்.

அந்த அழுத்தத்த விட்டுட்டு, வலிஞ்சு தள்ளாம வேலைய செய்யிறதத்தான் தாவோகாரங்க வூ வெய்னு சொல்றாங்க. சோம்பேறித்தனத்துக்கு லைசென்ஸ் கெடச்ச மாதிரி அத எடுத்துக்கிறவங்க சுவாங்ட்சுங்குற பழைய தாவோ நூலோட 3ஆம் அத்தியாயத்த படிக்கணும். அதுல டிங்னு ஒரு சமையல்காரர், வென்ஹுய் அரசர் முன்னாடி மாட்ட அறுத்து பிரிக்கிறார். சாதாரண ஆளு எலும்புல போட்டு வெட்டுறதால மாசம் ஒரு கத்தி மாத்துவானாம், தேர்ந்த ஆளு வருஷத்துக்கு ஒண்ணு. டிங் கைல இருக்குறது 19 வருஷமா ஒரே கத்தி, ஆயிரக்கணக்குல மாடு பாத்தாச்சு, இன்னும் இப்பதான் சாணை பிடிச்ச மாதிரி இருக்கு, ஏன்னா மூட்டுக்கு நடுவுல இருக்குற இடைவெளி பாத்து கத்திய விடுறார். பலபேரு இதோட கதைய நிறுத்திடுவாங்க, எனக்கு அதுக்கு அப்புறம் வர்றதுதான் முக்கியம்னு படுது: சிக்கலான முடிச்சு வந்தா அவரு நிதானிக்கிறார், கண்ண அதுலயே வச்சுக்கிட்டு கத்திய நூலளவு நகத்துறார். நாம முடிச்சு வந்ததும்தான் வேகத்த கூட்டுவோம்!

எப்படின்னு பாருங்க. ஒருத்தர்கிட்ட இருந்து மெயில் வருது, "நான் ஏற்கனவே சொன்னேனே"ன்னு ஆரம்பிக்குது. அந்த ஒரு வரிய பாத்ததும் தாடை இறுகுது, கீபோர்டு டமடமன்னு அடிக்குது, நாலு பாராவுக்கு பதில் ரெடி, போதாததுக்கு சிசில அவரோட மேனேஜர் பேரு வேற. முடிச்சு இங்கதான் இருக்கு. அப்ப பண்ண வேண்டியது, டு கட்டத்துல இருக்குற பேர அழிச்சிடுங்க, சிசியயும் அழிச்சிடுங்க, மனசுல இருக்குறத முழுசா டைப் பண்ணிக்கோங்க, எழுந்து போயிடுங்க. தாவோவோட அடிப்படை நூலான தாவோ தே ஜிங்ல 15ஆம் அத்தியாயத்துல கலங்கின தண்ணிய பத்தி வருது, அசைக்காம விட்டா மெல்ல தானா தெளியும்னு. அசைக்காம விடுறதுங்குறது கேக்க ஈஸி, ஆனா அந்த மெயில திரும்ப திரும்ப தொறந்து படிக்கிறதும் கலக்குறதுதான், ஃபிரெண்டுக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பி "பாத்தியாடா இவன"ன்னு கேக்குறதும் கலக்குறதுதான். ஒரு மணி நேரம் கழிச்சு வந்து பாருங்க, அவரு கேட்ட கேள்விக்கு பதில் எந்த வரிலயோ அத மட்டும் வச்சுட்டு மிச்சத்த தூக்கிடுங்க. பெரும்பாலும் ரெண்டு வரிதான் தேறும், அத அனுப்பலாம்.

கோவம் அப்பவும் அடங்கலையா, சுவாங்ட்சுல 20ஆம் அத்தியாயத்துல ஒரு படகு இருக்கு. ஆத்த கடக்கும்போது ஆளில்லாத படகு ஒண்ணு வந்து மோதுனா எந்த முன்கோபியும் திட்ட மாட்டான், அதே படகுல ஒரு ஆளு உக்காந்திருந்தா ரெண்டு வாட்டி கத்திட்டு மூணாவது வாட்டி கெட்ட வார்த்தைக்கு போயிடுவான். இடி ரெண்டுலயும் ஒரே இடிதான். மெசேஜ் பாத்தும் பதில் போடல, ரோட்ல குறுக்க வந்துட்டான், இந்த மாதிரி விஷயத்துல எல்லாம் அந்த படகுல நாமளே ஒரு வில்லன ஏத்தி உக்கார வச்சுக்கிறோம்.

அடுத்து பிள்ளைங்க வச்சிருக்கிறவங்க, டீம் வச்சிருக்கிறவங்களுக்கு. தாவோ தே ஜிங் 60ஆம் அத்தியாயத்துல பெரிய நாட்ட ஆளுறது சின்ன மீன சமைக்கிற மாதிரின்னு வருது, அடிக்கடி புரட்டுனா மீன் உதிந்து போயிடும்னுதான் உரைகாரங்க விளக்கம் சொல்றாங்க. அதனால வேலைய கொடுக்கும்போதே என்ன வேணும், எப்ப வந்து பாப்பேன்னு தெளிவா சொல்லிடுங்க, நடுவுல எட்டிப் பாக்காதீங்க. கை பரபரன்னு அரிக்கும், "எது வரைக்கும் வந்திருக்கு"ன்னு ஒரு மெசேஜ் தட்ட தோணும். தட்டாதீங்க. அந்த பரபரப்பு வேலைய பத்தினதா, நம்ம பயத்த பத்தினதான்னு கொஞ்சம் கவனிச்சு பாருங்க, பாதி நாள் ரெண்டாவதுதான்.

இதெல்லாம் கேட்டா தாவோவே தள்ளிப்போடுறதுன்னு தோணலாம். 63ஆம் அத்தியாயம் அதுக்கு நேர் எதிர், கஷ்டமானத ஈஸியா இருக்கும்போதே கவனி, பெருசாகப் போறத சிறுசா இருக்கும்போதே பாருன்னு சொல்லுது. பல்லு லேசா கூசும்போதே டாக்டர்கிட்ட போறது, கடன் தவணை ஒண்ணு தவறுனதுமே பேங்க்ல பேசுறது, வீட்ல ஒரு வருத்தம் முளைச்ச அன்னிக்கே உக்காந்து பேசிடுறது, இதுவும் வூ வெய்தான், கம்மி பலத்துல முடியுதில்ல. நெஞ்சு வலிக்குதுன்னா தண்ணி மாதிரி ஓடுறேன்னு உக்காந்திருக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.

"அப்ப அநியாயத்த பாத்தாலும் வளைஞ்சு கொடுத்துட்டு போகணுமா"ன்னு கேப்பாங்க, நியாயமான கேள்விதான். மேல இருக்குறவங்க வரிய அதிகமா தின்னுறதாலதான் ஜனங்க பட்டினி கிடக்குறாங்கன்னு 75ஆம் அத்தியாயமே பச்சையா சொல்லுது, அத எழுதுனவரு வாய மூடிக்கிட்டு இருக்கல. 67ல மூணு செல்வம்னு சொல்லும்போதும் இரக்கம், சிக்கனம், உலகத்துல முந்திக்கிட்டு நிக்காம இருக்குறதுன்னு வரிசை போட்டுட்டு, இரக்கம் இருந்தாத்தான் தைரியம் வரும்னு சேத்து சொல்லுது.

படிக்கிறதா இருந்தா தாவோ தே ஜிங் சின்ன நூல்தான், 81 அத்தியாயம், சீனத்துல மொத்தமே சுமார் 5000 எழுத்து. ஒண்ணாம் அத்தியாயத்துல ஆரம்பிச்சு அங்கயே தலை சுத்தி மூடி வச்சவங்கதான் ஜாஸ்தி. வரிசையா படிச்சாகணும்னு ஒண்ணும் கட்டாயம் கிடையாது, 1973ல சாங்ஷா பக்கத்துல மாவாங்துய் கல்லறைல கிடைச்ச பட்டுத்துணி பிரதிகள்ல நாம இப்ப 38ஆம் அத்தியாயத்துல இருந்து படிக்கிற பாதிதான் முன்னாடி இருக்கு. அதனால 8, 15, 63, 64, அப்புறம் 24னு போங்க, ஒரு நாளைக்கு ஒண்ணுக்கு மேல வேணாம், ஒண்ணாம் அத்தியாயத்த எல்லாத்துக்கும் கடைசில வச்சுக்கோங்க.